படிகத்துக்குள் நிற்கும் தண்ணீர்

நடவு முடிந்த தஞ்சாவூர் வயலைப் பஸ் ஜன்னல் வழியே பாருங்கள்; பயிரைவிடத் தண்ணீர்தான் கண்ணில் படும். புரதப் படிகமும் அப்படித்தான். கொள்ளளவில் ஏறக்குறையப் பாதி, ஒழுங்கில்லாமல் அலையும் தண்ணீர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு 2000-இல் அமைப்பை வெளியிட்ட ரைபோசோம் (செல்லில் புரதம் தயாரிக்கும் இயந்திரம்) துணையலகின் படிகத்திலும் தண்ணீர் உண்டு.

படிகத்தின் அமைப்பை அறியச் செலுத்தும் எக்ஸ் கதிர் அந்தத் தண்ணீரையும் விடாது. ஒரு கன ஆங்ஸ்ட்ராமில் தண்ணீருக்குச் சுமார் 0.33 எலக்ட்ரான், புரதத்துக்கு 0.43. கணினியில் கட்டும் அணு மாதிரியில் புரதத்தைச் சுற்றி வெற்றிடம் என்று விட்டால் இந்த வித்தியாசம் பொய்யாகப் பெருகும். கெடுவது எட்டத்துப் பார்வை: 5, 6 ஆங்ஸ்ட்ராமுக்கு மேற்பட்ட குறைந்த பிரிதிறன் பட்டைகளில், மாதிரி அளவீட்டோடு எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் ஆர் மதிப்பு எகிறும். (சிக்கல் என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.) அதனால் அணு இல்லாத இடமெல்லாம் மென்பொருள் ஒரே மட்டமாகத் தண்ணீர் பாய்ச்சுகிறது.

வம்பும் அதில்தான். எண்ணெய்ப்பசையான உட்குழியில் தண்ணீர் பெரும்பாலும் தங்காது. அங்கும் பாய்ச்சினால், அளவீட்டிலிருந்து மாதிரியைக் கழித்த வேறுபாட்டு வரைபடத்தில், மாதிரியில் மிகை என்று சொல்லும் சிவப்புத் திட்டு விழும். இன்னும் அணு வைக்காத மருந்து மூலக்கூறு மங்கலாக இருந்தால், அதுவும் மூழ்கிப்போகும். 2017-இல் வந்த ‘போல்டர்’ வரைபடம் அந்த மூலக்கூறு இருக்கும் இடத்துக்கு மட்டும் தண்ணீர் புகாமல் வரப்புக் கட்டுகிறது. டச்சுக்காரர்கள் கரைகட்டித் தண்ணீரிடமிருந்து மீட்ட நிலத்துக்கும் அதே பெயர்தான்.