வெண்சுவரும் பச்சை உடையும்: ‘பெர்னார்டா ஆல்பாவின் வீடு’
ஸ்பானிய நாடகாசிரியர் ஃபெதெரிக்கோ கார்சியா லோர்கா, தாம் கொல்லப்படுவதற்கு இரு மாதங்கள் முன்பு, 1936 ஜூனில் எழுதி முடித்த இந்நாடகத்தில், கணவனை இழந்த பெர்னார்டா தன் ஐந்து மகள்கள் மீதும் எட்டாண்டுத் துக்கத்தை விதித்து வீட்டை அடைக்கிறாள். அங்குள்ள தூய வெண்சுவர், குடும்ப மானத்தின் பெயரால் பெண்ணுடல் மீது சுமத்தப்படும் கறையின்மைக்கு, அதாவது கற்பு பற்றிய ஊராரின் கண்காணிப்புக்கு, குறியீடாகிறது. கடைசி மகள் அதேலா அணியும் பச்சை உடை அதற்கு எதிர்நிறம். சுவரை உதைக்கும் பொலிகுதிரையை அவிழ்த்துவிடப் பணிக்கும் பெர்னார்டா, மகள்களுக்கு அவ்விடுதலையைத் தருவதில்லை. மேடையில் ஆண் எவரும் தோன்றாமலே, ஆணாதிக்கம் ஒரு தாயின் கைத்தடி வழியாக இயங்குகிறது என்பதே இப்படைப்பின் கூர்மை. அத்தடியை முறிக்கும் அதேலா தூக்கிட்டு இறக்க, பெர்னார்டா மௌனத்தை ஆணையிடுகிறாள். நாடகம் முதன்முதலில் அரங்கேறியது ஸ்பெயினில் அன்று, 1945இல் புவெனஸ் ஐரிஸில்.