கோமுகத்தில் கண்ட பனியாறு

பனி என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தவராகிய நாம் அறிந்த பொருள் மிகச் சிறியது. மார்கழி விடியலில் வெங்காயத் தாளின் நுனியில் நின்று, வெயில் ஏறுமுன் மறைந்துவிடும் துளியே நமக்குப் பனி. செங்குட்டுவன் இமயத்திற் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிய வரலாற்றைப் பல்லாண்டு கற்பித்தவன் நான். ஆயினும் இமயத்தையும் கண்டதில்லை, கங்கையையும் கண்டதில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறென்று சொல்லி மனம் நிறையும் நாடல்லவா நம்முடையது!

2018ஆம் ஆண்டு செப்டெம்பரில், ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவருடன் கங்கோத்திரி சென்றேன். ஏறக்குறைய 3,100 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரிலிருந்து கோமுகம் 18 கிலோமீற்றர். மோட்டார் வண்டி செல்லாத மலைவழி. 1989இல் அமைந்த கங்கோத்திரி தேசியப் பூங்காவினூடே அது செல்கிறது. நாளொன்றுக்கு 150 பேருக்கே அனுமதி. சாவடியில் நம் பிளாஸ்டிக் பைகளையும் எண்ணிக் குறித்துக்கொள்கின்றனர். திரும்பும்போது கணக்குக் காட்டவேண்டும். நம் கோயிற் திருவிழாக்களுக்கும் இவ்வொழுங்கு வந்தால் நன்று என்றார் நண்பர்.

வழி நெடுகப் பாகீரதி பக்கத்தே இரைந்துகொண்டு வருகிறாள். ஒன்பது கிலோமீற்றரில் சீர்பாசா, பதினான்கில் போஜ்பாசா. பின்னதன் பெயரே பூர்ச்ச மரத்தால் வந்தது. தாள் தாளாக உரியும் அதன் பட்டையே வடநாட்டார்க்கு ஏடு. நமக்குப் பனையோலை போல. அம்மரங்களைப் பெரிதும் விறகுக்கு வெட்டித் தீர்த்துவிட்டனர். மலையேற்ற வீராங்கனை ஹர்ஷ்வந்தி பிஷ்ட் 1990களில் நாற்றுமேடை அமைத்து மீண்டும் நட முற்பட்டார். ஓலைச்சுவடிகளோடு பழகிய எனக்கு அவ்விளமரங்களைத் தொட்டுப் பார்க்காமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை.

மறுநாட் காலை கோமுகம் அடைந்தோம். வெள்ளை வெளேரென ஒன்றை எதிர்பார்த்துச் சென்ற கண்ணுக்கு, மண்ணும் கல்லும் அப்பிய கருஞ்சுவரே தெரிந்தது. உடைந்த விளிம்புகளில் மட்டும் நீலம் பளிச்சிட்டது. அடியில் ஒரு குகை. அதனின்று சாம்பல் நிறத்து நீர் சீறி வந்தது. இடையிடையே உள்ளே எதுவோ வெடிப்பதுபோல் ஓசை. கல் உருளும் என்று வழிகாட்டி எங்களை எட்டவே நிறுத்திவிட்டார்.

இதனைப் பனிப்பாறை என எழுதுவாரும் உளர். பொருந்தாது, பாறை நடவாது. சௌகம்பா முதலிய கொடுமுடிகளின் சரிவிற் பெய்த பனி ஆண்டுதோறும் அடுக்கடுக்காய் இறுகிக் கட்டியாகித் தன் பாரத்தாலேயே மெல்ல நகர்கிறது. நீளம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பனியாறு என்பதே செப்பமான சொல். சொல்லைக் கண்டவர் பொருளையும் கண்டிருப்பார் போலும்!

ஆனால் அவ்வாற்றின் முகம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. புதிதாய்ச் சேரும் பனியிலும் உருகுவது மிகுதி. 1935இல் இம்முகத்தை அளந்து வரைந்தவர் நிலவியலாளர் ஜே. பி. ஓடன், ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஓடனின் தமையனார். அதிலிருந்து 1996 வரையில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் அது பின்சென்றுவிட்டது. தம் தந்தையார் இளமையில் நீர் முகந்த இடமென்று வழிகாட்டி ஒரு கூழாங்கல் மேட்டைக் காட்டியதை, நண்பரின் அரைகுறை இந்தியால் அறிந்துகொண்டேன். அங்கிருந்து பனிமுகத்துக்கு அரைக் கிலோமீற்றர் இருக்கும்.

இதனால் நாளையே கங்கை வற்றிவிடும் என்பது மிகைக்கூற்று. சமவெளியில் அவள் சுமக்கும் நீரிற் பெரும்பகுதி பருவமழையும் கிளையாறுகளும் தருவதே. எனினும் வரவிலும் செலவு மிகுந்த கணக்கு எனக்குப் புதியதன்று. உரும்பிராயின் செம்பாட்டு மண்ணின் கீழ்ச் சுண்ணக்கல்லில் மாரிமழை தங்குகிறது. அந்நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்பது. துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஆறுதலாக ஊறிற்று. இயந்திரம் வந்தபின் இறைப்பு மிகுந்தது. மிஞ்சி இறைத்த இடங்களில் உவர் மேலேறுகிறது. ஆதலாற்றான் புதுக்கிணற்று நீரை நம்மவர் முதலில் நாவில் வைத்துப் பார்ப்பர்.

கோமுகத்திலிருந்து போத்தலில் எடுத்த நீர் கலங்கலாயிருந்தது. பனி அரைத்த பாறையின் மா அது. போஜ்பாசாவில் இரவு முழுதும் அசையாது வைத்தேன். விடியலில் அடியிற் சாம்பல் படிந்து மேலே தெளிந்திருந்தது. ஒரு துளி நாவில் வைத்துப் பார்த்தேன். பல் கூசிற்று, உவர் இல்லை.