காய்கறிப் பெட்டியும் இரவுச் சமையலும்

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. அதன் பிறகு நம் குடும்பங்களில் பெரும்பாலோருக்குப் பிழைப்பு என்றால் பெங்களூர்தான். சிலர் அங்கேயே குடியேறிவிட்டார்கள். பலர் மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி, சுமார் 100 கிலோமீட்டர் போய் வேலை பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். காலைச் சாப்பாடு டப்பாவில், மதியச் சாப்பாடு வேலை இடத்தில். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது இரவு ஒரு வேளைதான். அந்த ஒரு வேளையும் பரோட்டாப் பொட்டலமாகவோ பாக்கெட் நூடுல்ஸாகவோ மாறிவருவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். குறிப்பாகப் பெங்களூரில் வசிக்கும் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வந்து சேர்ந்த காய்கறி, வெள்ளிக்கிழமை அழுகிக் குப்பைக்குப் போகிறது. இதைத் தவிர்க்கும் வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டி வந்த கதை

காய்கறியை விவசாயியிடமிருந்து நேரே வீட்டுக்குக் கொண்டுவரும் எண்ணம் புதிதல்ல. கர்நாடகத் தோட்டக்கலைத் துறையை வளர்த்த டாக்டர் மரிகௌடாவின் முயற்சியால் 1959இல் பெங்களூரில் தொடங்கிய திராட்சை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமே இன்று ஹாப்காம்ஸ் என்ற பெயரில் நமக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. 2011இல் பெங்களூரில் பிக்பாஸ்கெட் தொடங்கிய பிறகு, போனில் சொன்னால் காய்கறி வீட்டு வாசலுக்கே வருவது சாதாரணமாகிவிட்டது.

வெளிநாடுகளில் இன்னொரு முறை உண்டு. நாம் காயைத் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த வாரம் தோட்டத்தில் என்ன விளைந்ததோ அதை விவசாயி பெட்டியில் போட்டு அனுப்புவார். ஜப்பானில் 1970களில் இது பரவியது. அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் தொடங்கிவைத்தன. இம்முறையில் விவசாயிக்கு விற்பனை நிச்சயம், நமக்குப் புதிய காய் நிச்சயம். ஆனால் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்பது மட்டும் நிச்சயமில்லை.

பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

கன்னட நாட்டுப் பெட்டியில் நம் பிள்ளைகளுக்குப் பெயர் தெரியாத கீரைகள் வரும். ஹரிவெ சொப்பு என்றால் முளைக்கீரை இனம். தண்டின சொப்பு என்பது நம் தண்டுக்கீரை. மெந்தெ சொப்பு வெந்தயக்கீரை. சப்பசிகெ சொப்பு என்பது சதகுப்பை இலை. வாசனை பலமாக இருப்பதால் நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அதைப் பொடியாக நறுக்கி, கேழ்வரகு அடை மாவில் வெங்காயத்தோடு சேர்த்துத் தட்டினால் குழந்தைகளும் விரும்பிச் சாப்பிடும். நவிலு கோசு நம் நூக்கல். சீமெ பதனெகாய் என்பதை நாம் பெங்களூர் கத்தரிக்காய் என்கிறோம். உண்மையில் அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த காய்!

எது முதலில்?

ரயில்வேயில் அழுகும் சரக்கை முதலில் அனுப்ப வேண்டும் என்பது பாலபாடம். பெட்டி வந்ததும் காய்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கீரை, கொத்தமல்லி, வெண்டை ஆகியவை முதல் இரண்டு நாளுக்கு. பீன்ஸ், அவரை, கத்தரி, குடைமிளகாய், பீர்க்கன் அடுத்த இரண்டு நாளுக்கு. கோசு, கேரட், பீட்ரூட், நூக்கல், பூசணி கடைசிக்கு. உருளையும் வெங்காயமும் வாரம் தாண்டியும் இருக்கும்.

கீரையைக் கழுவி வைக்கக் கூடாது. ஈரம் அழுகலை விரைவுபடுத்தும். வேரை நறுக்கி, உலர்ந்த துணியில் சுற்றி பிரிட்ஜில் வைத்து, சமைக்கும்போது கழுவினால் போதும். முள்ளங்கி, பீட்ரூட், நூக்கல் இவற்றின் இலையை அன்றே வெட்டிவிட வேண்டும். இல்லையேல் இலை கிழங்கின் நீரை உறிஞ்சிக் கிழங்கு வதங்கிவிடும். வெட்டிய இலையை எறிய வேண்டாம், கீரையோடு கீரையாகச் சமைக்கலாம்.

பழுக்கும் வாழை, மாம்பழம், தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது பட்டால் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும். ஆகவே இவற்றைத் தனியாக வைக்க வேண்டும். உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவு சர்க்கரையாக மாறி இனிக்கும். வெளிச்சத்தில் வைத்தால் பச்சை படிந்து நச்சு சேரும். காற்றோட்டமான இருட்டு மூலையே அதற்கு ஏற்றது.

ஒரு கொதி, இரண்டு பதார்த்தம்

வேலை முடிந்து வந்த இரவுக்குக் கோலார் மாவட்டத்துக் கிராமங்கள் தந்த நல்ல உபாயம் பஸ்ஸாறு. நான்கு பேருக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு போதும். அதை முக்கால் பதம் வேகவிட்டு, ஒரு கட்டுக் கீரையும் ஒரு கை பீன்ஸும் நறுக்கிப் போட்டு, உப்பிட்டு வேகவைக்க வேண்டும். வெந்ததும் தண்ணீரை வடித்து எடுத்துக்கொள்ளவும். வதக்கிய வெங்காயம், பூண்டு, தேங்காய், தனியா, சீரகம், காய்ந்த மிளகாய், சிறிது புளி, இவற்றோடு வெந்த பருப்பும் கீரையும் ஒரு கரண்டி சேர்த்து அரைத்து, வடித்த தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் சாறு தயார். மீந்த பருப்பையும் கீரையையும் கடுகு, மிளகாய், பூண்டு தாளித்து, தேங்காய் தூவிப் பிரட்டினால் பொரியல் தயார். சத்துள்ள தண்ணீர் வீணாகவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்பில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். சோற்றுக்கும் பொருந்தும், கேழ்வரகுக் களிக்கு இன்னும் பொருந்தும்.

மற்ற நாட்களுக்கு மூன்று அச்சுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் காய் வந்தாலும் சமாளிக்கலாம். நீர்க்காய்கள் என்றால் பாசிப்பருப்புக் கூட்டு. கத்தரி, முள்ளங்கி, வெண்டை என்றால் புளிக்குழம்பு. கோசு, கேரட், பீன்ஸ் என்றால் பொரியல். வெள்ளிக்கிழமை பெட்டியில் ஒவ்வொன்றாக மிஞ்சியதெல்லாம் கதம்ப சாம்பாருக்கு.

இங்கே இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். புளிப்புப் பட்டால் காயும் பருப்பும் குழைவது தாமதமாகும். எனவே காய் முக்கால் பதம் வெந்த பிறகே புளியை ஊற்ற வேண்டும். அடுத்தது, நம் பீடபூமி கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகச் சென்னையைவிட நேரம் பிடிக்கிறது. குக்கரில் அழுத்தத்தால் வெப்பம் 120 டிகிரி வரை ஏறும். நேரமும் எரிவாயுவும் மிச்சம்.

ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பிரித்து, ஆய்ந்து, தேங்காய் துருவி வைத்துவிட்டால் வாரம் முழுதும் சுலபம். மார்கழி, தை மாதங்களில் மொச்சை வந்தால் சனி இரவே ஊறவைத்து, ஞாயிறன்று தோலைப் பிதுக்கி வைக்கலாம். பிதுக்குப் பருப்புக் குழம்பு வட ஆற்காட்டிலிருந்து வந்த நம் முன்னோருக்கும் கோலார்க்காரருக்கும் பொதுவான சொத்து. இந்த வேலையில் ஆண்களும் பிள்ளைகளும் கை கொடுக்க வேண்டும். அதே ரயிலில் அதே கூட்டத்தில் நின்று வந்த பெண், வந்ததும் தனியாக அடுப்படியில் நிற்பது நியாயமல்ல.

வீணாவது காய் மட்டுமல்ல

கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. 1,000 அடிக்கும் கீழே போன ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீர் இறைத்தே இம்மண்ணில் தக்காளியும் பீன்ஸும் விளைகின்றன. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நிலத்தடி நீர் ஊறுவதற்காகக் கோலார் ஏரிகளில் நிரப்புகிறார்கள். நகரத்துச் சமையலறையில் நாம் ஊற்றும் தண்ணீரும் சுற்றி வந்து இந்த ஏரிகளைச் சேர்கிறது.

விலையோ விவசாயியின் கையில் இல்லை. 2023 ஜூலையில் கோலார் மார்க்கெட்டில் 15 கிலோ தக்காளிப் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. வேறு சமயங்களில் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அப்படி மலிந்த வாரத்தில் இரண்டு கிலோ அதிகம் வாங்கி, நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும் வரை சுருள வதக்கித் தொக்கு செய்து பிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரும். ரயில் தாமதமாகும் இரவில் சோறு மட்டும் வடித்தால் போதும். கடைப் பொட்டலம் தேவைப்படாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற முடியாது. வாரம் ஒரு நாள் பஸ்ஸாறு, ஒரு நாள் களி என்று தொடங்கலாம். நம் பிள்ளைகளுக்குக் கீரையின் பெயர் இரண்டு மொழியிலும் தெரியட்டும். ருசி தானாகப் பின்னால் வரும்.