துப்பாக்கி ஏந்திய கையில் பாடநூல்

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பங்குகளில் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. நாற்பது வயதை ஒட்டி இராணுவத்தினின்று ஓய்வு பெற்ற தந்தை, பட்டப் படிப்பில் சேர்ந்து, பள்ளி செல்லும் தம் மகனோடு ஒரே விளக்கின்கீழ்ப் படிக்கிறார். சிலர் நகைக்கின்றனர். நகைக்குமுன் புனித இஞ்ஞாசியாரை நினைப்போமாக.

1521-இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. முப்பது வயது கடந்தபின், 1524-இல், பார்சலோனாவில் சிறுவரோடு அமர்ந்து இலத்தீன் கற்றார். பாரீசில் பிச்சையெடுத்துப் பயின்றார். கடுந்தவத்தால் தளர்ந்த உடலை வயிற்றுவலி வாட்டியது. இளையவரான புனித பீட்டர் பேபர் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அறையையும் உணவையும் பகிர்ந்துகொண்டார். 1535-இல் பட்டம் பெற்றவராய், மருத்துவர் சொற்படி, உடல் தேறத் தாயகம் திரும்பினார்.

மனவுறுதி மிக்க அவருக்கே உணவும் ஓய்வும் தோழமையும் தேவைப்பட்டன. நம் வீரர்க்கும் அவ்வாறே. முழங்கால் வலியையும் உறக்கமின்மையையும் மறைப்பது அவர்தம் பழக்கம். 2003 முதல் இயங்கும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் ஓய்வூதியரும் துணைவியரும் சிகிச்சை பெறலாம். மனச்சோர்வுக்கு 14416 என்னும் இலவசத் தொலைபேசி உண்டு. அழைப்பது கோழைத்தனமன்று.

இல்லத்தாரே, தேர்வுக் காலத்தில் அவருக்கு அமைதி தாருங்கள். கல்லூரி இளைஞரே, நீங்கள் பேபர் ஆகுங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும், “ஐயா, பாடம் எதுவரை வந்தது?” என்று அன்போடு கேளுங்கள்.