பாதியில் நிறுத்தி வைத்த மாவு

அமெரிக்க மளிகைக் கடைகளில் பால், வெண்ணெய், முட்டை அடுக்கியிருக்கும் குளிர்பெட்டிகளுக்குள் ஒரு சாண் நீளத்தில் அட்டைக் குழாய்கள் கிடக்கும். மேலே சுற்றிய காகிதத்தைக் கிழித்துவிட்டு, அட்டையில் சாய்வாக ஓடும் இணைப்புக் கோட்டைக் கரண்டியின் முதுகால் அழுத்தினால் ‘டப்’பென்று வெடித்துத் திறக்கும். அந்த வெடிப்பின் வழியே வெள்ளை மாவு தானாகவே பிதுங்கி வெளியே வரும். உள்ளே இருப்பது வில்லை வில்லையாக அடுக்கிய பிஸ்கட் மாவு. அந்த ஊர் பிஸ்கட், உள்ளங்கை அகலத்தில் மெத்தென்று உப்பிய குட்டி ரொட்டி; தேநீரில் நனைத்துத் தின்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்த வில்லைகளை நான்கு நான்காக வெட்டுங்கள். பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்டி எடுங்கள். நடுவில் குழல் வைத்த வட்டப் பாத்திரத்தில் குவித்து, வெண்ணெயையும் பழுப்புச் சர்க்கரையையும் ஒன்றாக உருக்கி மேலே ஊற்றி, 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் 35 முதல் 40 நிமிடம் ஓவனில் வையுங்கள். வெளியே எடுத்துச் சில நிமிடம் ஆறவிட்டுக் கவிழ்த்தால், பாகு வழியும் ஒரு ரொட்டிக் குவியல் தட்டில் உட்கார்ந்திருக்கும். கத்தி தேவையில்லை. சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துத் தின்ன வேண்டியதுதான். ‘மங்கி பிரெட்’ என்று அமெரிக்கர்கள் செல்லமாகச் சொல்வது இதைத்தான்.

மாவு பிசையவில்லை, பொங்குவதற்காக மணிக்கணக்கில் காத்திருக்கவும் இல்லை. ஆனால் ரொட்டி என்றால் அந்த இரண்டு வேலையும் நடந்தே ஆக வேண்டும். நமக்கு மிச்சமான அந்த வேலை வேறெங்கோ முன்னதாக நடந்து, சரியாகப் பாதியில் நிறுத்தப்பட்டிருக்கிறது. பாதியில் நிறுத்துவது என்பது ரொட்டி வேதியியலில் லேசுப்பட்ட காரியம் இல்லை.

அதைச் சாதித்தவர் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த லைவ்லி வில்லோபி என்ற ரொட்டிக்காரர். மாவைக் குழாயில் அடைத்துக் குளிரில் வைத்து விற்கும் முறைக்கு 1931இல் காப்புரிமை பெற்றார். லூயிவில் நகரத்து மாவு ஆலையான பல்லார்ட் அண்ட் பல்லார்ட் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1951இல் அந்த நிறுவனத்தை பில்ஸ்பரி வாங்கியது. இன்றைய குழாய்களின் வம்சாவளி அங்கிருந்து வருகிறது.

குழாய்க்குள் நடப்பதைப் பார்க்கலாம். மாவை உப்பவைப்பது கரியமில வாயு. நம் வீட்டு ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், ஓர் அமிலத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் அந்த வாயு கிளம்பும். எலுமிச்சைச் சாறு மாதிரியான அமிலமாக இருந்தால் சேர்த்த மாத்திரத்தில் நுரைத்து, அத்தனை வாயுவும் நிமிடத்தில் தீர்ந்துபோகும். குழாய் மாவில் பெரும்பாலும் சேர்ப்பது சோடியம் அமிலப் பைரோபாஸ்பேட் என்ற உப்பு. இது நிதானமான ஆசாமி. குளிர்ந்த மாவில் கொஞ்சம் வினைபுரிந்துவிட்டு மீதியை ஓவனின் சூட்டுக்காக வைத்திருக்கும்.

அடைக்கும்போது மாவு குழாயை முழுதாக நிரப்புவதில்லை. அடைத்த பின் சற்று வெதுவெதுப்பான இடத்தில் வைப்பார்கள். வினை தொடங்கி மாவு உப்ப உப்ப, உள்ளே இருந்த காற்று மூடியோரத்து இடுக்குகள் வழியாக வெளியேறும். கடைசியில் மாவே வந்து அந்த இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். நான் இந்தக் குழாயில் மிகவும் ரசிப்பது இந்தக் கட்டத்தைத்தான். காற்றை வெளியே தள்ளுவதும் மாவு, வாசலைப் பூட்டுவதும் மாவு. பூட்டியதற்குப் பிறகு பிறக்கும் வாயுவுக்குப் போக வழியில்லாததால் அழுத்தம் ஏறுகிறது. ‘டப்’ என்ற சத்தம் அந்த அழுத்தம் விடுபடும் சத்தம். காற்று போய்விட்டதால் ஆக்ஸிஜனும் போய்விட்டது; ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் பூஞ்சணம் தலைதூக்காது. பிறகு குழாய் குளிருக்குப் போய்விடுகிறது. வினை ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

ஈஸ்ட் போட்ட மாவை ஏன் இப்படி அடைக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். ஈஸ்ட் உயிருள்ளது. தின்னச் சர்க்கரை இருக்கும்வரை குளிரிலும் மெல்ல மெல்ல வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் கடையில் கிடக்கும் குழாய் என்றாவது ஒருநாள் தாங்காமல் வெடிக்கும். சோடாவும் அமிலமும் அப்படி இல்லை; எத்தனை கிராம் போட்டோமோ அத்தனைக்கான வாயுதான் வரும். வரவு செலவு முன்பே தெரிந்த கணக்கு அது.

ஆனாலும் இந்த நிறுத்தம் என்றென்றைக்கும் நீடிக்காது. கோதுமையிலேயே சில நொதிகள் இருக்கின்றன. மாவில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் அரபினோசைலான் என்ற நார்ப்பொருளை அவை பொறுமையாகச் சிதைத்துக்கொண்டே இருக்கும். பிடிமானம் போனதும் தண்ணீர் பிரிந்து பாகு மாதிரி கசியும். நாள் கடந்த குழாயைத் திறந்தால் வில்லைகளைச் சுற்றிப் பிசுபிசுப்பாக ஒரு திரவம் தேங்கியிருப்பது அதனால்தான். குழாய்மேல் அச்சடித்த தேதிக்கு மரியாதை கொடுப்பது நல்லது.

இனி பிய்ப்பதற்கு வருவோம். ஈரமான இரண்டு மாவுத் துண்டுகளை அருகருகே வைத்துச் சூடேற்றினால் அவை ஒன்றாகிவிடும். இரண்டின் மேற்பரப்பிலும் உள்ள குளூட்டன் புரதங்கள் கைகோக்கும். 60 டிகிரியைத் தாண்டியதும் மாச்சத்துத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி வீங்கிக் கூழாகி, அந்தச் சேர்க்கையை இறுக்கிவிடும். அப்படி நடந்தால் கிடைப்பது சாதாரண ஒற்றை ரொட்டி. அதைத் தடுப்பது வெண்ணெயும் சர்க்கரையும். கொழுப்பு ஒரு படலமாக இடையில் நின்றால் புரதத்துக்குப் புரதம் எட்டாது. பரோட்டா மாஸ்டர் மாவை விசிறி எண்ணெய் தடவிச் சுருட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் அடுக்கு அடுக்காகப் பிரியாமல் தடித்த சப்பாத்தியாகிவிடும். சர்க்கரை இன்னொரு வேலையும் செய்கிறது. மாவின் மேற்பரப்பில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து பாகாகிறது. துண்டுகளைச் சுற்றி ஒரு பாகு உறை உருவாகி, ஆறியதும் அவற்றை லேசாகப் பிடித்து வைத்திருக்கிறது.

அடுத்த முறை ஒரு துண்டைப் பிய்த்தால் உடனே வாயில் போடாமல் அதன் முகங்களைத் திருப்பிப் பாருங்கள். சில முகங்கள் பழுப்பாக, வழவழப்பாக, பட்டைத்தூள் புள்ளிகளோடு இருக்கும். அங்கே கொழுப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. வேறு சில இடங்களில் வெள்ளைவெளேரென்று பஞ்சு கிழிந்தாற்போல் இழை இழையாகத் தெரியும். அங்கே சர்க்கரையும் வெண்ணெயும் படாமல் மாவு மாவைத் தொட்டுவிட்டது. நல்ல பிய்க்கும் ரொட்டியில் இரண்டும் இருக்கும். எல்லா முகமும் வழவழப்பாக இருந்தால் கவிழ்த்ததுமே சரிந்துவிடும். எல்லாம் இழையாக இருந்தால் பிய்க்க முடியாது. துண்டுகளைக் கிண்ணத்தில் மொத்தமாகக் கொட்டிக் குலுக்கும் சோம்பேறித்தனமான முறையே சரியான அளவுக்குச் சில இடங்களை விட்டுவிடுகிறது. ஒவ்வொன்றாக எடுத்துக் கச்சிதமாகப் புரட்டுவதைவிட அதுதான் மேல் என்பது என் கருத்து.

மாவுத் துண்டுகளைப் புரட்டிக் குவித்துச் சுடும் இந்த உத்தி அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. ஹங்கேரியில் ‘அரன்யகலுஷ்கா’ என்றொரு இனிப்பு உண்டு. ஈஸ்ட் மாவு உருண்டைகளை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, சர்க்கரையிலும் வால்நட் பொடியிலும் புரட்டி அடுக்கிச் சுடுவார்கள். ஹங்கேரியிலிருந்து குடியேறியவர்களோடு, குறிப்பாக யூதர்களோடு, அது கடல் தாண்டியது. ‘பெட்டி கிராக்கர்’ என்ற பெயரில் வந்த சமையல் நூல் ஒன்று 1972இல் அதை ‘ஹங்கேரியன் காபி கேக்’ என்று வெளியிட்டது. 1980களில் அதிபர் ரீகனின் மனைவி நான்சி ரீகன் வெள்ளை மாளிகையின் கிறிஸ்துமஸ் விருந்துகளில் மங்கி பிரெட் பரிமாறியதும் அதன் புகழைக் கூட்டியது. நடுவில் குழல் வைத்த பண்ட் பாத்திரம் 1950இல் மினியாபோலிஸ் பக்கம் நார்டிக் வேர் நிறுவனம் உருவாக்கியது. அந்தக் குழல் அலங்காரத்துக்காக வைத்ததில்லை; குவியலின் நடுவுக்கும் சூடு போய்ச் சேர அதுவே வழி. அது இல்லாத பாத்திரத்தில் ஓரம் கருகும்போது நடுத்துண்டுகள் பச்சை மாவாகவே இருக்கும்.

ஓவனுக்குள் முதல் சில நிமிடங்களில் வெண்ணெய் உருகி இடுக்குகளில் இறங்கும். வாயு வெறும் சூட்டினால் மட்டும் விரிவது அதிகம் இல்லை. 5 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குப் போனால் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்குதான் கூடும். மீதி உப்பலுக்கு அமிலம் சேமித்து வைத்திருந்த வாயுவும், மாவின் ஈரம் ஆவியாவதும் காரணம். அடியில் பாகு கொதித்து நீர் வற்ற வற்ற அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏறும். பாத்திரத்தின் சுவரை ஒட்டிய பகுதியில்தான் நல்ல பழுப்பு நிறமும் காரமல் வாசனையும் பிறக்கும். ஓவனிலிருந்து எடுத்ததும் கவிழ்த்தால் பாகு தண்ணீராக ஓடிவிடும். முழுக்க ஆறவிட்டால் இறுகிப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து முதல் பத்து நிமிடம்தான் அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சிறிய வாய்ப்பு.

பட்டையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அதன் மணமும் உறைப்பும் பெரும்பாலும் சின்னமால்டிஹைடு என்ற ஒரே மூலக்கூறின் உபயம். நாக்கில் லேசாகச் சுடுவதுபோல் இருக்கிறதே, அது உண்மையில் சுவை என்பதைவிட நரம்பு தரும் எச்சரிக்கை. கடுகின் காரத்தை உணரும் அதே டிஆர்பிஏ1 என்ற உணர்வியைத்தான் இதுவும் தட்டுகிறது. மரம் இதை வைத்திருப்பது நமக்காக இருக்காது. பூஞ்சைகளையும் நுண்ணுயிர்களையும் அடக்கும் சக்தி அதற்கு உண்டு. ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான். அதனால்தான் அனுபவமுள்ள ரொட்டிக்காரர்கள் ஈஸ்ட் மாவுக்குள் பட்டைத்தூளைப் பிசையாமல், விரித்த மாவின்மேல் தூவிச் சுருட்டுகிறார்கள். குழாய் மாவில் அடக்குவதற்கு உயிர் எதுவும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் தூவலாம். கூடவே இன்னொரு உதவியும் கிடைக்கிறது. பைரோபாஸ்பேட் நாக்கில் ஒரு மெல்லிய உலோகக் கசப்பை விட்டுச்செல்லும். வெறும் பிஸ்கட்டாகச் சுட்டால் அது தெரியும். சர்க்கரையும் பட்டையும் சேர்ந்தால் அடங்கிவிடும்.

அமெரிக்கச் சமையலறைகளில் பட்டைத்தூள் என்று இருப்பது பெரும்பாலும் காசியா வகை. சுமத்ரா, வியட்நாம், சீனா ஆகிய இடங்களில் விளைவது, தடித்த, முரட்டுப் பட்டை, சின்னமால்டிஹைடு அதிகம். இலங்கையின் கறுவா வேறு. உட்பட்டையை மெல்லியதாக உரித்துப் பல அடுக்குகளாகச் சுருட்டுவார்கள். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். யூஜெனால் கலந்த, நளினமான மணம். கூமரின் என்ற பொருள் காசியாவில் கணிசமாகவும் கறுவாவில் மிகச் சொற்பமாகவும் இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் அது போகக் கூடாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. எட்டுப் பேர் பிய்த்துத் தின்னும் ஒரு ரொட்டியில் இரண்டு தேக்கரண்டி போட்டால் கவலையில்லை. தினமும் காலையில் கஞ்சியில் கலப்பவர்கள் கறுவாவுக்கு மாறலாம். இந்த ரொட்டிக்கு மட்டும் நான் காசியாவையே சொல்வேன். இத்தனை வெண்ணெய்க்கும் பாகுக்கும் நடுவே கறுவாவின் நளினம் எடுபடாது.

மிஞ்சியதை என்ன செய்வது? அநேகர் எடுத்துக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். மாவை வாரக்கணக்கில் காத்த அதே குளிர், சுட்ட ரொட்டியை ஒரே இரவில் கெடுத்துவிடும். பச்சை மாவில் மாச்சத்துத் துகள்கள் உடையாமல் இறுகிக் கிடக்கின்றன. குளிர் அவற்றை ஒன்றும் செய்யாது. சுட்ட பிறகு அவை அவிழ்ந்து கூழாகியிருக்கும். அவிழ்ந்த சங்கிலிகள் மறுபடி வரிசையாக அடுக்கிப் படிகமாக முயலும். அதற்குத் தோதான சூடு உறைநிலைக்குச் சற்று மேலே, சரியாகக் குளிர்பெட்டியின் சூடு. ரொட்டி காய்ந்ததுபோல் இறுகுவதற்கு ஈரம் குறைவதைவிட இந்தப் படிகங்களே பெரிய காரணம். எனவே மூடி போட்டு வெளியிலேயே ஒருநாள் வையுங்கள், இல்லையென்றால் உறைபெட்டிக்கு அனுப்புங்கள். இறுகிப்போன துண்டும் வீணில்லை. 60 டிகிரிக்கு மேல் சூடுபட்டால் அந்தப் படிகங்கள் உருகிவிடும். மைக்ரோவேவில் சில நொடி வைத்தால் போதும். ஆனால் சூடு ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டும், ஆறினால் முன்னைவிட வேகமாக இறுகும்.