ஒரே பைக்கில் 2 பேர் போனா மாசம் 600 ரூபாய் மிச்சம்!

திருப்பூர்:-

காலை 8 மணிக்கு அவினாசி ரோட்டில் நின்று பாருங்கள். பனியன் கம்பெனிக்கு போகும் பைக்குகள் வரிசை கட்டி வரும். பல வண்டிகளில் பின் சீட் காலி.

அவினாசியில் இருந்து திருப்பூருக்கு சுமார் 14 கிலோ மீட்டர். போக வர 28. மாசம் 25 நாள் வேலை என்றால் 700 கிலோ மீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டிக்கு 14 லிட்டர் பெட்ரோல் வேணும்.

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். பூமியை சூடாக்குவது இந்த வாயுதான். பெட்ரோலே முக்கால் கிலோதானே, இது எப்படி 2 கிலோவை தாண்டும்? எரியும்போது பெட்ரோலில் உள்ள கார்பன், காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேருகிறது. கூடுதல் எடை அதுதான். 14 லிட்டருக்கு 32 கிலோ!

பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஏரியாவில் வேலை பார்த்தால், வாரம் ஒருவர் வண்டி எடுக்கலாம். பாரம் ஏறுவதால் பெட்ரோல் கொஞ்சம் கூட பிடிக்கும். அப்படியும் ஆளுக்கு 6 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 600 ரூபாய். பையன் டியூஷன் பீசுக்கு ஆச்சு!

ஒரே சிக்கல், ஒருத்தருக்கு ஒன்றரை ஷிப்ட் வந்தால் மற்றவர் காத்து நிற்கணும். அன்றைக்கு பஸ்தான். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், மறந்துடாதீங்க.