குசினி யார் வீட்டுச் சொல்? காரைக்காலிலிருந்து ஒரு சொல் ஆராய்ச்சிக் குறிப்பு

காரைக்கால், புதுச்சேரி பக்கத்துப் பெரியவர்கள் சமையலறையைக் 'குசினி' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சமையல்காரர் 'குசினிக்காரர்'. சொல் ஆர்வலர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், இந்தச் சொல் பேச்சில் வந்துவிடும். "பிரெஞ்சில் சமையலறைக்கு 'குய்சீன்'னு பேரு. நம்ம ஊரை ஆண்டது பிரெஞ்சுக்காரன். அப்போ குசினி பிரெஞ்சுச் சொல்தானே?" மூன்றே வரியில் தீர்ப்பு முடிந்துவிடும். வாட்ஸப்பில் சுற்றும் 'தமிழில் கலந்த பிரெஞ்சுச் சொற்கள்' பட்டியல்களிலும் அது சுலபமாக இடம் பிடித்துவிடும்.

என் முடிவு வேறு. குசினி பிரெஞ்சிலிருந்து வரவில்லை, போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. ஒரு சொல்லுக்காக ஏன் இத்தனை மல்லுக்கட்டு என்று கேட்கலாம். இந்த ஒரு சொல்லைச் சரியாகச் சோதிக்கத் தெரிந்துவிட்டால், கைக்கு வரும் எந்தச் சொல் பட்டியலையும் சோதித்துவிடலாம். தவிர, நம் ஊருக்கு யார் யார் வந்தார்கள், வீட்டுக்குள் வந்தார்களா வாசலோடு நின்றார்களா என்பதையும் இந்தச் சொற்களே சொல்கின்றன. அதனால் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: இந்தச் சொல் வேறு எங்கெல்லாம் இருக்கு?

யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இன்றும் குசினி என்றுதான் சொல்கிறார்கள். சிங்களத்தில் சமையலறைக்கு 'குஸ்ஸிய'. மலையாளத்தில் 'குசினி', 'குசினிக்காரன்' இரண்டும் உண்டு. பிரெஞ்சுக்காரர் யாழ்ப்பாணத்தை ஆண்டதே இல்லை. கேரளத்தில் அவர்களிடம் நீடித்து இருந்தது மாஹே என்ற ஒரு துண்டு நிலம். ஆனால் போர்த்துகீசியர் யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை ஆண்டார்கள். இலங்கைக் கரையோரத்திலும் கொச்சியிலும் அதற்கு முன்பிருந்தே இருந்தார்கள். குசினி புழங்கும் ஊர்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சியின் வரைபடத்தோடு அது பொருந்தாது, போர்த்துகீசியக் கப்பல்கள் போன வழியோடு பொருந்தும்.

இரண்டாவது கேள்வி: ஓசையின் கடைசிப் பகுதி என்ன சொல்கிறது?

பிரெஞ்சு 'குய்சீன்' மெய்யெழுத்தில் முடிகிறது. போர்த்துகீசியச் சொல் கிட்டத்தட்ட 'குசீஞ்ஞ'. நம்முடைய சொல்லின் கடைசியில் வரும் 'னி', இந்த இரண்டாவது ஓசையிலிருந்து வருவதற்குத்தான் வசதி அதிகம். முதல் அசையும் நேராகக் 'கு'. இடையில் 'ய்' கிடையாது. ஓசையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான், ஆனால் முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலோடு சேர்த்துப் பார்த்தால் பலம் கூடுகிறது.

மூன்றாவது கேள்வி: கூட வந்த கூட்டாளிகள் யார்?

சொல் பெரும்பாலும் தனியாக வராது, கும்பலாக வரும். வீட்டுக்குள் இருக்கும் பொருள்களை எண்ணிப் பார்ப்போம். ஜன்னல், போர்த்துகீசியத்தில் 'ஜனேலா', பிரெஞ்சில் 'ஃபெநெத்ர்'. சாவி, அங்கே 'ஷாவ்', இங்கே 'க்ளே'. மேசை, அங்கே 'மேசா', இங்கே 'தாப்ள்'. அலமாரி போர்த்துகீசியத்தில் 'அர்மாரியு'. கோப்பை, பீப்பாய், பேனா, தோட்டத்து அன்னாசி, கொய்யா, பப்பாளி, எல்லாம் போர்த்துகீசியம் வழியே வந்தவை. ஜன்னலும் சாவியும் மேசையும் ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கும்போது, பக்கத்து அறையான குசினி மட்டும் தனியாகப் பாரிசிலிருந்து வந்தது என்றால் அதற்குத் தனி ஆதாரம் வேண்டும்.

நான்காவது கேள்வி: எப்போது?

மென்பொருள்காரர்களுக்கு இது பழகிய விஷயம். எது முதலில் நடந்தது என்று சண்டை வந்தால் டைம்ஸ்டாம்ப்பைப் பார்ப்போம். சொற்களுக்கு அகராதிகள்தான் டைம்ஸ்டாம்ப். அந்தாவ் தெ ப்ரோயென்சா தொகுத்த தமிழ் – போர்த்துகீசிய அகராதி 1679-ல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. அதைத் தனிநாயகம் அடிகள் 1966-ல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். ஃபெப்ரீசியஸ் அகராதி 1779. பிரெஞ்சுப் பாதிரிமார்களான மூசேயும் துய்ப்புய்யும் தொகுத்த தமிழ் – பிரெஞ்சு அகராதி 1855, புதுச்சேரி. வின்சுலோ 1862. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924-லிருந்து தொகுதி தொகுதியாக வந்தது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739-ல். அதற்கு முந்தைய ஏட்டில் ஒரு சொல் இருந்தால், அதைக் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் தலையில் கட்ட முடியாது. ஃபெப்ரீசியஸ், வின்சுலோ, பேரகராதி மூன்றும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டிலிருந்தே தேடலாம்.

நம்ம ஊரு எங்கே உட்கார்ந்திருக்கு?

காரைக்காலின் இருப்பிடத்தைப் பாருங்கள். வடக்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தரங்கம்பாடி. 1620-லிருந்து 1845 வரை டேனிஷ்காரர்கள் இருந்த ஊர். தெற்கே நாகூர் தாண்டி நாகப்பட்டினம். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்து குடியேறிய ஊர், 1658-ல் டச்சுக்காரர் பிடித்தார்கள். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு முன்பே இந்தக் கரையில் போர்த்துகீசியம் ஒரு பொதுமொழியாகப் புழங்கிக்கொண்டிருந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழோடு போர்த்துகீசியத்தையும் படிக்க வேண்டியிருந்தது. டேனிஷ் ஊரில் ஜெர்மன் பாதிரியாருக்குப் போர்த்துகீசியம் தேவைப்பட்டது என்றால், கரையில் யார் மொழி ஓடியது என்று புரிந்துகொள்ளலாம். ஆக 1739-ல் பிரெஞ்சுக்காரர் அரசலாற்றங்கரைக்கு வந்தபோது குசினியும் ஜன்னலும் இந்தக் கரைக்கு வந்து பல காலம் ஆகியிருக்க வேண்டும்.

அப்போ பிரெஞ்சு விட்டுப்போனது என்ன?

நிறைய இருக்கிறது, ஆனால் வேறு அறையில். காரைக்கால் மாவட்டத்தில் பஸ் ஏறி ஊர்ப் பலகைகளைப் படியுங்கள். 'திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்து', 'நெடுங்காடு கொம்யூன் பஞ்சாயத்து', 'கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து'. 1880 மார்ச் 12-ஆம் தேதி ஆணையால் வந்த உள்ளாட்சி அமைப்பின் பெயர் இது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962-ல் சட்டப்படியும் கைமாறியது, 1973-ல் புதிய பஞ்சாயத்துச் சட்டமும் வந்தது. ஆட்சி போயும் சொல் போகவில்லை. ஓசையையும் கவனியுங்கள். ஆங்கிலம் வழியாக வந்திருந்தால் 'கம்யூன்' ஆகியிருக்கும். 'கொ' இருப்பதே பிரெஞ்சு வாயிலிருந்து நேராக வந்ததற்கு அடையாளம்.

அதேபோலப் பிரெஞ்சுப் படையில் இருந்தவர் 'சொல்தா'. பிரெஞ்சில் எழுத்தில் இருந்தும் வாயில் வராத கடைசி 'த்' தமிழிலும் வரவில்லை. கண்ணால் படித்து எடுத்திருந்தால் 'சொல்தாத்' ஆகியிருக்கும். காதால் கேட்டு எடுத்த சொல் இது. புதுச்சேரியில் நகராட்சிக்கு 'மேரி'. 2014-ல் இடிந்து விழுந்து பிறகு மறுபடி கட்டப்பட்ட கட்டடத்தை 'மேரி கட்டடம்' என்றே எல்லோரும் சொல்வார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து எழுதிய நாட்குறிப்பில் துரைமார் பெயருக்கு முன்னால் 'முசே' போடுவார். 1881 செப்டம்பர் ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தையும் குடும்பப் பெயரையும் ஏற்றவர்கள் 'ரெனோன்சான்'.

இந்த இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஜன்னல், சாவி, குசினி, கோப்பை. இன்னொரு பக்கம் கொம்யூன், மேரி, சொல்தா, ரெனோன்சான். போர்த்துகீசியம் வீட்டுக்குள் வந்தது, பிரெஞ்சு அலுவலகத்தில் உட்கார்ந்தது. போர்த்துகீசியர் இங்கேயே பெண் கட்டி, குடும்பமாகி, கரையோடு கரையாகக் கலந்தார்கள். பிரெஞ்சு பெரும்பாலும் ஆணையாக, பத்திரமாக, சம்பளமாக வந்தது. அது வந்தபோது வீட்டுப் பொருள்களுக்கெல்லாம் பெயர் வைத்து முடிந்திருந்தது. குசினியைப் பிரெஞ்சு என்று எழுதிவிட்டால் இந்த வித்தியாசமே கண்ணில் படாமல் போய்விடும். தப்பான பட்டியலால் வரும் நஷ்டம் இதுதான்.

போன சொற்களுக்கும் இதே சோதனைதான்

வந்த சொல்லுக்கு வைக்கும் சோதனையை நம்மிடமிருந்து போன சொல்லுக்கும் வைக்க வேண்டும். பெருமை வரும் இடத்தில் சோதனையை விட்டுவிடுகிறோம்.

'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போனது உறுதி. வில்லியம் டேம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலிலேயே சோழமண்டலக் கரையோடு சேர்த்து அந்தச் சொல்லை எழுதிவிட்டார். சொல் போனதே தவிரப் பொருள் மாறிவிட்டது. இன்று வெளிநாட்டில் அது இரட்டை உடல் கொண்ட படகு, நம் கிளிஞ்சல்மேட்டு மீனவர் நினைக்கும் கட்டுமரம் வேறு. மாங்கனித் திருவிழா நடக்கும் ஊர்க்காரர்களான நமக்கு 'மாங்கோ' நம்முடைய 'மாங்காய்' என்று சொல்ல ஆசைதான். போர்த்துகீசிய 'மாங்கா'வுக்கு மலையாள 'மாங்ங' வழியா, மலாய் வழியா என்பதில் ஆய்வாளர்களிடையே இரண்டு கருத்து உண்டு. வேர் திராவிடம் என்பதில் சண்டை இல்லை, பாதையில்தான் சண்டை.

ரொம்ப சுவையானது 'காசு'. ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் காசுதான் என்று எல்லாப் பட்டியலும் சொல்லும். உண்மையில் அங்கே இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் நிற்கின்றன. ரொக்கம் என்ற பொருளில் வருவது, பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. சீனாவிலும் இந்தியாவிலும் புழங்கிய சின்னச் செம்பு நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த 'கேஷ்'தான் போர்த்துகீசியம் வழியாகப் போன நம் காசு. பிரெஞ்சு இந்தியாவின் நாணயப் பெயர்களோ அப்படியே தமிழ். 'காஷ்' நம் காசு, 'தூதூ' நம் துட்டு, 'ஃபனோன்' நம் பணம். அந்தத் துட்டே டச்சு நாணயமான 'டாய்ட்'டிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியானால் டச்சிலிருந்து தமிழுக்கு வந்து, தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போன சொல் அது.

இன்னொரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் 'பாரியா', 'பறையர்' என்ற பெயரிலிருந்து போனது. 'உலக மொழிகளில் தமிழ்' பட்டியல்களில் கட்டுமரத்துக்கு அடுத்து இதையும் வரிசை எண் போட்டு வைத்துவிடுகிறார்கள். ஒரு மக்களின் பெயரை இங்கே நாம் இழிவாக ஆக்கி வைத்திருந்ததால்தான் அது உலகம் முழுக்க அந்தப் பொருளில் போனது. பட்டியலில் அது இருக்கட்டும், ஆனால் பெருமைக் கணக்கில் வேண்டாம். அதை எழுதுபவர் இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுத வேண்டும்.

தொகுப்பவர்களுக்கு

காரைக்கால் பட்டியல் பிரெஞ்சோடு முடியாது. மஸ்தான் சாகிபு தர்கா 'கந்தூரி' பாரசீகத்தில் சாப்பாட்டு விரிப்பைக் குறித்த சொல். அதே மக்கள் வணக்கத்துக்குத் 'தொழுகை', விரதத்துக்கு 'நோன்பு' என்று சுத்தத் தமிழ் வைத்திருக்கிறார்கள். ஒரே தெருவில் இத்தனை வரலாறு.

அதனால் சொல் சேகரிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதாதீர்கள். எந்த ஊர், எந்தத் தெருப் பக்கம், சொன்னவருக்கு என்ன வயது, என்ன தொழில், எந்த வாக்கியத்தில் சொன்னார் என்று ஐந்து விவரம் சேருங்கள். முடிந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள். 'கொம்யூன்' வழக்கில் பார்த்தோமே, ஒரு 'கொ' எவ்வளவு பேசுகிறது என்று. எந்த மொழியிலிருந்து வந்தது என்ற தீர்ப்பை அப்புறம் யாராவது எழுதிக்கொள்ளலாம், அகராதிகள் எங்கும் ஓடிவிடாது. 1954-க்கு முன் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிவிட்டது. முதலில் அவர்களிடம் போங்கள்.